கால்சட்டைத் துரையின் பெரட்டு

என்னுடைய அந்தக் கால்சட்டைக்கு முன்பக்கம் மட்டுமே இருந்தது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் துணிக்கு அவ்வளவு பஞ்சம். மற்றப் பிள்ளைகள் சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்ததால், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் நான்தான் துரை. துரை யாருக்கும் முதுகைக் காட்டமாட்டார். காரணம் கௌரவம் அல்ல.

இப்போது என் மகள் தானா ராத்தா டவுனிலிருந்து பேரனோடு வந்து, அவன் படிப்பைப் பற்றிப் புலம்புகிறாள்: "பாலர் பள்ளியில ஒன்னுமே எழுதக் கொடுக்கலப்பா. சும்மா விளையாட விடுறாங்க லா!" சும்மாவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தாய்மார் கொழுந்தெடுக்கவும் கிழங்கு நடவும் போனால் எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஆயாம்மா. எங்களுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு பெரட்டு. விடியலில் கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவாரே, அதுதான். நான் கூப்பிடுவேன்; "இருக்கேன் தொர" என்று பதில் வரவேண்டும். பொழுதுக்கும் இதே கூத்து. "வேற வெளாட்டே கெடைக்கலையாடா? காது போச்சு!" என்று ஆயாம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒருநாள் மலைப்பாதையில் ராணுவ லோரிகள் உறுமின. ஆயாம்மா கைக்குழந்தைகளை வாரிக்கொண்டு எங்களையும் தேயிலைச் செடிகளுக்குள் விரட்டினார். வரிசையாகக் குந்தியிருந்தோம். பெரட்டுக்கு இதைவிட வசதி ஏது? கிசுகிசுத்துப் பேர் கூப்பிட ஆரம்பித்தேன்.

"வாய மூடுறா! ஜப்பான்காரன் தோல உரிச்சிருவான்!" என்றார் ஆயாம்மா.

துரையாவது, மூடுவதாவது. ஒவ்வொருவரும் கிசுகிசுத்தார்கள், "இருக்கேன் தொர." எங்களில் சின்னவள் செல்லாயி மட்டும் பேசவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "செல்லாயி வரல, ஆயாம்மா. இன்னிக்கு அவளுக்குப் பேர் போடமாட்டேன், கூலி கெடையாது."

ஆயாம்மா முகம் வெளுத்தது. அந்தக் குட்டி கொட்டகைத் தொட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைகளை எங்கள் மடியில் திணித்துவிட்டு ஓடினார். என் மடியில் இருந்தது உடனே நனைத்துவிட்டது; துரை அசையவில்லை. செல்லாயியோடு அவர் வந்து விழவும், மேலே பாதையில் லோரி நிற்கவும் சரியாக இருந்தது. லோரியில் வந்தவர்கள் கொட்டகையில் எங்களுக்கு வெந்துகொண்டிருந்த மரவள்ளியைப் பானையோடு தூக்கிப் போனார்கள்.

ஆயாம்மா பாராட்டுவார் என்று பார்த்தால், துணியில்லாத இடமாகப் பார்த்து ஓர் அறை விட்டார். "சொன்னா கேக்கமாட்ட?" என்றவர், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் நான் மூலையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா தொர, பெரட்டு இல்லையா? கூப்பிட்டுத் தொல!"

கூப்பிட்டேன். செல்லாயி முறை வந்தபோது, அவள் வாயைத் திறக்குமுன் ஆயாம்மாவே சொன்னார்: "இருக்கா தொர."