எத்துப்பல்லுக்கு வராத வலி

பெண் பார்க்கப் போக மூன்றே நாள்! கடைவாய்ப் பல்லில் உயிர் போகும் வலி. எனக்கோ எத்துப்பல்தான் கவலை. வலிக்கிற பல்லைத்தானே பிடுங்குவார்கள்? செங்கல்பட்டு பல் டாக்டரிடம் எத்துப்பல்லைக் காட்டி, "இதுதான் சார் வலிக்குது" என்று புளுகினேன். அவர் தட்டியதும் "ஐயோ!" என்று நடித்தேன்.

ஊசியை எடுத்தவர், எதற்கும் இருக்கட்டுமென்று கடைவாய்ப் பல்லையும் தட்டினார். நாற்காலியிலிருந்து எகிறிவிட்டேன்!

கூட வந்த நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், வலி அங்க கீது, இத்த புடுங்க சொல்றியே! பொண்ணு வூட்டுக்கு பொக்க வாயோட போவியா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை வைத்துவிட்டு, கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் பார்த்தார். வலி போன குஷியில், பெண் வீட்டில் எத்துப்பல் தெரியச் சிரித்தேன். சம்மதம் சொல்லிவிட்டாள்!

இப்போதெல்லாம் டாக்டரிடம் வலிக்கிற இடத்தைத்தான் காட்டுகிறேன். சாட்சிக்கு மனைவியும் கூட வருகிறாள்.