கார்த் திறப்பு தொங்கிய ஆணி

சித்தப்பாவின் வெள்ளைக் கார் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஓராண்டுக்கும் மேலாக நின்ற இடத்திலேயே நின்றது. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் நாங்கள் இருந்த அந்த மாடிக் குடியிருப்பின் மற்றக் கார்கள் காலையில் போய் மாலையில் வந்தன. பனி கொட்டிய நாள்களில் அவை நின்ற இடங்கள் கறுப்புக் கட்டங்களாகத் தெரியும். சித்தப்பாவின் கார் மட்டும் வெள்ளைக் குவியலாக இருக்கும். சனிக்கிழமைகளில் அவர் இறங்கிப் போய்ப் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறி உட்காருவார். திறப்பைத் திருகிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார். மேலே வந்ததும் திறப்பை வாசற்கதவுக்குப் பக்கத்தில், எனக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டுவார்.

அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் இருந்தது. முதல் வலிப்பு அவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில், உடைமாற்றும் அறையில் வந்தது. இரண்டாவது எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்தது. அன்றைக்கு அம்மா ஓடிப்போய் ஆணியில் இருந்த கார்த் திறப்பை எடுத்து அவருடைய கைக்குள் வைத்து, விரல்களை மூடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த வைத்தியம். வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். அதனால் அம்மாவின் வைத்தியம் ஒருமுறையும் தவறியதில்லை.

ஓராண்டு வலிப்பு வராமல் இருந்து, அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை சித்தப்பா விடியற்காலை வேலைக்குச் சைக்கிளில் போனார். தொழிற்சாலை ஊருக்கு வெளியே இருந்தது, அந்த நேரத்தில் பஸ் இல்லை. அப்பாவுக்குக் கார் ஓடத் தெரியாது.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சைக்கிளைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவலை சித்தியைப் பற்றியது. சித்தி யாழ்ப்பாணத்தில் இருந்தார். சித்தப்பா புறப்பட்டபோது அவர்களுடைய மகளுக்கு இரண்டு மாதம். அவர்களை டென்மார்க்குக்கு அழைக்கச் சித்தியின் பெயரில் விண்ணப்பம் போட்டுப் பல மாதங்கள் ஆகியும் பதில் இல்லை. அந்த விண்ணப்பத்துக்காகச் சித்தப்பாவை விசாரித்ததும், அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்ததும் ஒரே பொலிஸ் நிலையம். அங்கே வெளிநாட்டவருக்கு ஒரு ஜன்னல், சாரதிகளுக்கு ஒரு ஜன்னல். ஆள் குறைந்த நாள்களில் இரண்டுக்கும் பின்னால் ஒரே உத்தியோகத்தர்தான், சில்லு வைத்த கதிரையில் உட்கார்ந்தபடியே உருண்டு அங்கும் இங்கும் போவார். நான் மொழிபெயர்க்கப் போனபோது என் கண்ணாலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இதைச் சித்தப்பாவுக்கு விளக்கினவர் மன்னாரிலிருந்து வந்த ஒருவர். அவர் எல்லாவற்றையும் விளக்குவார்.

“ரெண்டும் ஒரே ஃபைல்தான் தம்பி. வலிப்பு வருத்தக்காரனெண்டு அதிலை எழுதிக் கிடக்கேக்கை பெண்சாதியை விடுவாங்களே? முதலிலை லைசென்ஸை எடும். மிச்சம் தன்ரபாட்டிலை வரும்.”

எங்களுக்கு அது சரியாகப் பட்டது. கதிரை உருண்டதை நான் வேறு பார்த்திருந்தேன். அதன் பிறகு அனுமதிப்பத்திரம் என்றாலே சித்தி என்று ஆகிவிட்டது. சித்தப்பா குசினி நாள்காட்டியில், வலிப்பு வராத ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான்.

பெப்ரவரியில், ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் பின்னேரம் நான் வீட்டுக்குள் வந்தபோது, மரத்தில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. வேலையால் வந்து சோபாவில் படுத்திருந்த சித்தப்பாவின் குதிக்கால் சோபாவின் கைப்பிடியில் அடித்துக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அம்மா பக்கத்தில் முழங்காலில் நின்று, திறப்பை அவர் கைக்குள் அழுத்திப் பிடித்திருந்தார். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடமும் கொஞ்சமும்.

கால் நின்றது. அவர் குறட்டை விட்டு நித்திரையானார். அம்மா தன் ஸ்வெட்டர் கையால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திறப்பை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“நீ ஒண்டும் காணேல்லை. அப்பாவுக்கும் சொல்லாதை. சித்தப்பாவுக்கும் சொல்லாதை.”

சித்தப்பாவுக்கு ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டேன்.

“டொக்டர் கேட்டால் அவர் இல்லையெண்டு சொல்லுவார். அது அவருக்கு உண்மையாய் இருக்கட்டும். பொய் சொல்ல ஒராள் போதும்.”

அம்மா ஒவ்வொரு மாதமும் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவர். பாவத்தையும் சோறு மாதிரி அளந்து பரிமாறத் தெரிந்தவர். ஆனால் அவருக்கு டேனிஷ் தெரியாது. அவர் சொல்லப்போகும் பொய்யை டேனிஷில் சொல்ல வேண்டியவள் நான். மொழிபெயர்ப்பவளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அவர் சொல்லவில்லை.

சித்தப்பா இருட்டுப்பட எழும்பித் தேநீர் குடித்தார். நாக்கு நோகுது அண்ணி என்றார். நித்திரையில் கடித்திருப்பீர்கள் தம்பி என்றார் அம்மா. சித்தப்பா வலது உள்ளங்கையை மின்குமிழுக்குக் கீழே விரித்து, அதில் பதிந்திருந்த திறப்பின் தடத்தைப் பார்த்தார். பிறகு நாள்காட்டிக்குப் போய் அன்றைய புள்ளியை வைத்தார்.

அடுத்த மூன்று மாதமும் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடித்தான் வந்தேன். படியேறும்போது மரத்தில் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்பேன். வகுப்பில் யாராவது பென்சிலால் மேசையில் தட்டினாலும் திரும்பிப் பார்ப்பேன். வேறு எதுவும் நடக்கவில்லை, அல்லது நான் பார்க்கும்படி நடக்கவில்லை.

மே மாதம் மருத்துவமனைக்குப் போனோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா, அம்மா, நடுவில் நான். மருத்துவர் வெள்ளை மரச்செருப்புப் போட்டிருந்தார். ஒரு வருடத்தில் வலிப்பு வந்ததா என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா எனக்காகக் காத்திருக்காமல், தொழிற்சாலையில் பழகிய டேனிஷில், எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். வலிப்பு வருகிறவருக்கு அது தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் காண்பார், அம்மாவைக் கேள் என்றார்.

கேட்டேன். அம்மா மருத்துவரின் முகத்தைப் பார்த்தபடி, குரலை மாற்றாமல் என்னிடம் சொன்னார்.

“இல்லையெண்டு சொல்லு.”

அது பதில் அல்ல, கட்டளை. எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இல்லை என்று சொன்னேன். மருத்துவர் எழுதினார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். எங்கள் ஆள்கள் யாரும், பெரியவர்கள் பேசி முடித்த விஷயத்தை ஒரு பிள்ளையிடம் மறுபடி கேட்கமாட்டார்கள். ஆனால் அவர் டேனிஷ்காரர். பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் குனிந்து என்னையே கேட்டார்.

“நீ? நீ ஏதாவது பார்த்தாயா?”

அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் தந்து வைக்கவில்லை. மருத்துவரின் மரச்செருப்பில் ஒரு ஆணித்தலை துருப்பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான் பகலில் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மருத்துவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா தன் வலது கையை மடியில் மூடி வைத்திருந்தார்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அம்மா செபமாலையை எடுத்தார். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என்னிடம் சொன்னார்.

“நீ நல்லாய் டேனிஷ் கதைக்கிறாய்.”

எனக்குப் பெருமையாக இருந்தது.

கோடையில் அனுமதிப்பத்திரம் வந்தது. இளஞ்சிவப்புத் தாள், மூன்றாக மடித்தது. சித்தப்பா நூலகத்தில் அதைப் பிரதி எடுத்தார். விண்ணப்பதாரரின் கணவர் இப்போது பூரண சுகமாக இருக்கிறார் என்று நான் டேனிஷில் எழுதிய கடிதத்தோடு அதைத் தலைநகருக்கு அனுப்பினோம். உங்கள் விண்ணப்பம் கவனத்தில் இருக்கிறது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தன என்று நான் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வயது கூடியிருந்தது. பெரிய வழக்கானது, டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. அந்தக் கிடப்பில் நோய்க்காரரின் தாளும் சுகமானவரின் தாளும் ஒன்றாகத்தான் கிடந்திருக்கின்றன. சித்தி வந்து இறங்கியபோது, அந்த இரண்டு மாதக் குழந்தை தன் பெயரைத் தானே எழுதிக் காட்டியது.

ஆனால் எனக்கு அப்போது விளங்காதது அதுவல்ல. அனுமதிப்பத்திரம் கிடைத்த பிறகும் சித்தப்பா கார் ஓடவில்லை. சேர்ட்டுப் பையில் அதை வைத்துக்கொண்டு, அதே சைக்கிளில், மழையிலும் பிறகு பனியிலும் வேலைக்குப் போனார். கேட்டவர்களுக்குப் பெற்றோல் விலை என்றார், டயர் சரியில்லை என்றார். கோயில் மண்டபத்தில் மன்னார்க்காரர், லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரிலே கொழுவும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வீட்டிலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்த எனக்குத்தான் கோபம். கார் ஓடாவிட்டால் என்னத்துக்கு எடுத்தனீங்கள் என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், சித்தப்பா சுத்தியலை எடுத்து வாசற்கதவுப் பக்கத்து ஆணியைக் கழற்றினார். சோபாவின் தலைமாட்டுச் சுவருக்குப் போய் என்னைக் கூப்பிட்டார். கையை நீட்டு என்றார். நீட்டினேன். என் விரல் தொட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஆணியை அடித்து, கார்த் திறப்பை அதில் மாட்டினார். எடுத்துப் பார் என்றார். எடுத்தேன். கையில் குளிர்ந்தது. திரும்ப மாட்டினேன்.

நான் பெரியவளானதும் எனக்குக் கார் பழக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.