செஞ்சியின் முதல் கிட்டாரை நான் திருத்திய கதை

செஞ்சி வட்டாரத்தில் முதன்முதலாகக் கிட்டார் செய்தவர் என் சித்தப்பா. அதை முதன்முதலாகக் கெடுத்தவள் நான். இரண்டாவது சாதனையை ஊரில் யாரும் நினைவில் வைத்திருக்காததால் நானே எழுத வேண்டியிருக்கிறது.

சித்தப்பா திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்துக் கதவு, ஜன்னல் செய்துகொண்டிருந்தார். மெட்ராசில் ஒரு மாதா கோயிலில் கிட்டாரைக் கேட்டுவிட்டு வந்தவர், பலாக்கட்டையிலும் டீத்தூள் பெட்டிப் பலகையிலும் தானே ஒன்றைச் செய்ய இறங்கினார். "ஈஸ்டர் பூசையில வாசி. நல்லா இருந்தா பாட்டுக்காரங்களோட வெச்சிக்கலாம். இல்லன்னா ஜன்னலே செய்யி" என்றுவிட்டார் எங்கள் ஊர் மாதா கோயில் சாமியார்.

விரல் வைக்கும் இடங்களைக் காட்ட, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே நைலான் நரம்புகளைக் கட்டினார். எங்கெங்கே கட்டுவது என்று சொல்ல ஊரில் ஆளில்லை. கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் என் அத்தை ஒரு கட்டையை அழுத்துவார். அதே சுரம் வரும்வரை அவர் தம்பியான சித்தப்பா நரம்பை நகர்த்துவார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் இதே வேலை.

நான் அப்போது ஏழாம் வகுப்பு, கணக்கில் முதல் மார்க். ஈஸ்டருக்கு முதல் நாள் மதியம், சித்தப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, கிட்டாரை உற்றுப் பார்த்தேன். நரம்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி கீழே வரவரக் குறுகிக்கொண்டே போனது. ஜன்னல் கம்பியை மயிரிழை பிசகாமல் வைக்கிற மனிதர்! சார்ட்டில் தலைப்பு எழுதும்போது கடைசி எழுத்துகளுக்கு இடமில்லாமல் நான் நெருக்குவதுபோல, அவரும் நெருக்கிவிட்டார் என்று முடிவு செய்தேன். ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு, எல்லா நரம்பையும் சம இடைவெளிக்கு நகர்த்தினேன். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது!

மறுநாள் பூசைக்கு முன் கோயிலில் சித்தப்பா தந்தியை மீட்டினார்.

"இன்னாடா இது, ஆடு கத்துற மாதிரி இருக்குது?" என்றார் அத்தை. கிட்டாரின் கழுத்தைப் பார்த்தவர், "ஜன்னலுக்குத் தந்தி கட்டி எடுத்தாந்துட்டியா?" என்றார்.

சித்தப்பா பென்சில் கோடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கோணல்மாணலா இருந்துது சித்தப்பா. சரி பண்ணேன்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"எனக்கு நாப்பது நாள் ஆச்சு பாப்பா."

"அவள அப்புறம் கொஞ்சு. மொத நரம்ப நகத்து" என்று அத்தை ஆர்மோனியத்தைத் திறந்தார்.

பூசை மணி அடிப்பதற்குள் ஐந்து நரம்புகள்தான் இடத்துக்குத் திரும்பின. அந்த ஐந்துக்குள் அடங்குகிற ஒரே ஒரு பாட்டை சித்தப்பா வாசித்தார். அடுத்த பாட்டுக்கு ஆர்மோனியம் மட்டும் ஒலித்தபோது, பீடத்திலிருந்த சாமியார் திரும்பி, கிட்டார் எங்கே என்பதுபோல் பார்த்தார். சித்தப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

அந்த வாரமே மற்ற நரம்புகளையும் சரிசெய்து முடித்து, "ஸ்கேல எடுத்துக்கினு வா" என்றார். ஒவ்வொரு இடைவெளியையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து நோட்டில் எழுத வைத்தார். இரண்டு முறை. இம்போசிஷன் என்று எண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினேன்.

பிறகு அவர் செய்த கிட்டார்கள் எல்லாம் அந்த நோட்டுப் பக்கத்தின்படிதான் பிறந்தன. இப்போது பட்டறையை நடத்தும் அவர் மகளும் அதைப் பார்த்துத்தான் செய்கிறாள். நான் எழுதியதில் இத்தனை பேருக்குப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை.

அன்று எழுதி முடித்ததும், "இன்னும் எத்தினி நாள் எழுதணும்?" என்று கேட்டேன்.

"இதுவே ஆயுசுக்கும் போதும் பாப்பா" என்றார்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்து விளையாட ஓடினேன்.