முதல் வெள்ளிக்குக் காத்திராத ஜெசிந்தா டீச்சர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், நாகல் நகரிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா போயிட்டாங்க சார். காப்பி போட எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றார் ஜெசிந்தா டீச்சரின் தம்பி. புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம் நடந்தது.

ஜெசிந்தா டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றினோம். அவர் கணிதம், நான் வரலாறு. பழுதான மணியைக்கூட அவர் உடனே பழுதுபார்க்கச் சொல்ல மாட்டார், "ஏன் நின்னுச்சு?" என்று முதலில் கேட்பார். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கேள்வி கணினிகளின் பக்கம் திரும்பியது. என் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை அவர்தாம் நிறுவித் தந்தார். அதற்கு ஆண்டுக்கொரு புதிய பதிப்பு என்பது கிடையாது. நாள்தோறும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். நாமும் கூடவே புதுப்பித்து வர வேண்டும். "எதையாவது புதுசாப் போடுறதா இருந்தா, மொதல்ல மொத்தத்தையும் அப்டேட் பண்ணிருங்க சார்" என்று அன்றே எச்சரித்தார். தேதியில்லாத காரியம் எனக்கு ஒவ்வாது. ஆகவே, மாதத்தின் முதல் வெள்ளியன்று திருப்பலியும், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் முடித்து வந்து புதுப்பிப்பது என்று நானே ஒழுங்கு செய்துகொண்டேன்.

சென்ற மே மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் எங்கள் பேத்திக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். திருப்பலி நம் நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்கு. இணையத்தில் நேரலை உண்டு. என் மனைவி பிலோமினா இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதங்களாகப் படுக்கையில் இருந்தாள். கண்ணில் புரை, கைப்பேசித் திரை அவளுக்கு உதவாது. ஒரு மணிக்குச் சோதித்தபோது கணினியில் குரல் கேட்டது, படம் வரவில்லை. நேரலைப் படத்தைக் காட்டும் பிளகின் என்ற துணைநிரலை உரிமச் சிக்கலால் இயங்குதளத்தோடு தருவதில்லை. நாமே சேர்க்க வேண்டும். முதல் வெள்ளி வர இன்னும் நாளிருந்தபடியால் நான் பிளகினை மட்டும் சேர்த்தேன். அதன்பின் பிரௌசரே திறக்கவில்லை.

நான் தொலைபேசியில் அழைத்ததும் டீச்சர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். அப்போது மணி ஒன்று நாற்பது.

"கடைசியா எப்ப சார் அப்டேட் பண்ணீங்க?"

"முதல் வெள்ளியன்று. இன்றோடு இருபத்துமூன்று நாட்கள்."

அவர் சிரித்துவிட்டார். "பாவசங்கீர்த்தனத்துக்கு மாசம் ஒருக்கப் போதும் சார். இதுக்குப் பத்தாது. மத்ததெல்லாம் பழசாக் கெடக்கு; நேத்து வந்த பிளகினு, ஒங்க வீட்டுக்குள்ள ஒருத்தரையும் அடையாளம் தெரியாம முழிக்குது."

"இவருக்குத் தேதிதான் தெரியும் டீச்சர், மணி தெரியாது. புள்ள அங்க கோயிலுக்குக் கெளம்பிருச்சு" என்றாள் பிலோமினா.

பிளகினை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "நீக்குனா பிரௌசர் தொறக்கும், புள்ளயப் பாக்க முடியாதே! செத்த நேரம் இருங்க, என்னதான் சொல்லுதுன்னு படிப்போம்." பிழைச் செய்தியை வரிவரியாகப் படித்தார். எதிர்பாராத கடிதம் வந்தவரைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது. பிறகு மொத்தத்தையும் புதுப்பிக்கக் கட்டளையிட்டார். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் இறங்க வேண்டியிருந்தது. இரண்டு மணி கடந்தது, இரண்டேகாலும் கடந்தது. பிலோமினா, படம் வந்துவிட்டதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு முப்பத்தெட்டுக்குப் படம் வந்தது. வெண்ணிற உடையில் பிள்ளைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். நான்காவதாக எங்கள் பேத்தி. "ஆத்தி, எம்புட்டு வளந்துட்டா!" என்றாள் பிலோமினா.

டீச்சரோ திரைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். "பார்க்கவில்லையா?" என்றேன்.

"படம் தெளிவா வருதான்னு அம்மா மூஞ்சியிலயே தெரியுது சார்" என்றார்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் பிலோமினாவால் வர இயலவில்லை. திரும்பி வந்ததும், "டீச்சர் முகம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள். நேரத்தையும் கூட்டத்தையும் சொல்ல ஆயத்தமாக வந்தவன், அவற்றை விட்டுவிட்டேன். பிறகு பார்த்தபடியே சொன்னேன்: "புருவம் லேசா ஒசந்து, எதையோ கேக்கப் போறவங்க மாதிரி இருந்தாங்க."

சென்று வாருங்கள், டீச்சர். உங்கள் கேள்விகளுக்கு இனி ஆண்டவர்தாம் விடை சொல்ல வேண்டும்; அவர் பொறுமை மிக்கவர்.