ஈரல் திறந்த கதை

கஞ்சா தின்றால் உடம்பு மெலியும் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். படிக்காதவன் நம்பினால் மன்னிக்கலாம். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தவன் நம்பியதுதான் வெட்கம்.

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிக் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். நான் எழும்பினால் கதிரையும் கூடவே எழும்பும் பருமன். ஆசுபத்திரி அப்போதிக்கரி என் சலத்தை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சினார். அது செங்கல் நிறமாயிற்று. மூத்திரத்தில் சீனி இறங்குகிறது, சீனி வருத்தம் என்றார். விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, ஈரலில் கொழுப்பேறி இரண்டு விரல் அகலம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றார். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், தவணை தந்தார். வாயைக் கட்டி, குழாய் பச்சைக்கு வந்தால் தப்பினேன். வராவிட்டால் தினமும் ஊசி, ஆயுள் முழுக்க. அம்மைப்பால் குத்த வந்தவரைக் கண்டு வேலி பாய்ந்தவன் நான், அதுவும் கலியாணமான பிறகு.

வாயைக் கட்டுவதைவிடச் சுலபமான வழி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்தேன். முரசுமோட்டை வயல்களில் பன்றிக் காவலிருந்த மூன்று பேர் கஞ்சா பிடிப்பவர்கள். மூவரும் ஈர்க்கு மாதிரி. ஒருவருக்கும் சீனி வருத்தம் இல்லை. அவர்களுடைய சலத்தை எவரும் காய்ச்சிப் பார்த்ததில்லை என்பதையும், அவர்கள் மத்தியானம் சாப்பிடுவதே ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதையும் ஆராய்ச்சியில் சேர்க்க மறந்துபோனேன்.

புகை பிடிப்பது கந்தோர்க்காரனுக்கு மரியாதையில்லை. ஆகவே ஓமந்தையில் ஒரு பரியாரியாரிடம் போனேன். கஞ்சா இலையை நெய்யில் வதக்கிச் சர்க்கரைப் பாகில் கிண்டிய லேகியம் தந்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளையாக இருப்பது சீனி, கட்டியாக இருப்பது சர்க்கரை. இருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகத்தில், என் வருத்தத்துக்கு இது ஆகுமோ என்று பரியாரியாரைக் கேட்டேன்.

“சீனி வருத்தத்துக்குச் சீனிதான் தம்பி ஆகாது. இதிலை ஒரு துளி சீனியும் இல்லை. நல்லாப் பசிக்கும். பசிச்சால் ஈரல் திறந்திட்டுது எண்டு அர்த்தம்.”

இதில் ஓட்டை காண என் இரண்டு அலுமாரியும் உதவவில்லை.

ஈரல் திறந்தது. காலையில் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டு எனக்கு மட்டும் போதவில்லை. எருமைத் தயிரைச் சட்டியோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லைச் சண்டையோடு கந்தோருக்கு வந்த இரண்டு கமக்காரரில் ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். அந்த வாசத்தில் லயித்துப்போய், யாருடைய வேலி எங்கே என்று நான் கேட்கவே இல்லை. ஒரு பின்னேரம் குசினியில், அப்பத்துக்கு ஊறப்போட்ட அரிசியைப் பச்சையாக அள்ளித் தின்றுகொண்டிருந்தபோது மனைவி கண்டுவிட்டாள். வருத்தம் சுகப்படுகிற அடையாளம் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன்.

ஆறாம் கிழமை முடிவில் குழாய் செங்கல் நிறத்தையும் தாண்டிப் போயிற்று. ஈரல் மூன்று விரலாகியிருந்தது. நான் உண்மையைச் சொல்ல, அப்போதிக்கரி லேகியப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி மணந்து பார்த்தார்.

“இந்த இலை ஈரலை என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது, கிளாக்கர். ஆனால் உங்கடை வாயை என்ன செய்ததெண்டு தெரியுது. சீனியோ சர்க்கரையோ எண்டு ஈரல் பேர் கேக்கிறேல்லை.”

போத்தலைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஊசி தொடங்கியது. தினமும் ஆசுபத்திரிக்கு அலைய முடியாதென்று, தாதி என் மனைவிக்கு ஊசி போடப் பழக்கினார். குத்திப் பழகுவதற்குக் கத்தரிக்காய் கொடுத்தாராம். வீட்டில் முதல் ஊசி போட்ட அன்று, கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசி முனையின் கூர்மை பற்றியும் மனித வாழ்வின் நிலையாமை பற்றியும் அவளுக்கு விரிவாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குத்தி முடித்து, பஞ்சை அழுத்திக்கொண்டு சொன்னாள்:

“கத்தரிக்காய் இவ்வளவு கதைக்கேல்லை.”