தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பக்கத்தைக் காணோம்

திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சுற்ற ஆரம்பித்தது, பன்னிரண்டு மணிக்கும் சுற்றுகிறது. கடைக்கு வெளியே வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள். சென்ற கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை.

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். ஸலாம் சொல்வதற்கு முன்பே புலம்ப ஆரம்பித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்கு அப்படித்தான் வருகிறது.

நாகப்பட்டினம் சாலையில் ஒரு சிறிய ஊரின் கடைத்தெருவில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பயிர்க் காப்பீடு எல்லாம் என்னிடம்தான் வரும். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். கடையில் நான் ஒருத்திதான். சுற்றுப்பட்டு ஜனங்கள் என்னைப் பாயம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு மூக்கின் மேல் கோபம்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் இணைத்த போன் மகனிடம் இருக்கும். மகன் திருப்பூரில் இருப்பான். ஓ.டி.பி. அவனுக்குப் போகும், அவன் வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டான். நான் இங்கே உட்கார்ந்து கத்துவேன். எதிரில் நிற்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர் போன பிறகு எனக்கே என்னைப் பிடிக்காது. அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் கத்துவேன்.

டாக்டர் பிரஷர் மாத்திரை கொடுத்து, டென்ஷன் ஆகாதீங்க என்றார். எப்படி ஆகாமல் இருப்பது என்று சீட்டில் எழுதித் தரவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணை மூடிப் பத்து முறை மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர் முன்னால் வந்து நிற்கிறார். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

ஆகவே துஆதான் செய்தேன். அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆ. "யா அல்லாஹ், இந்த சர்வரை ஓட விடு. என் நாக்கையும் கொஞ்சம் பிடித்துக்கொள்." இரண்டும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன் மீதே சலிப்பு வந்துவிட்டது.

இனி அஞ்சம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நடவும் களையெடுப்பும் செய்த குடும்பம். அந்த வருடம்தான் முதன்முதலாக ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பெயரில் சம்பா போட்டிருந்தார். பயிர் போனால் அவருக்கு வேறு கதி இல்லை. அதனால் காப்பீட்டுக்காக மூன்று நாளாக என் கடைக்கு நடந்தார். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் ஓ.டி.பி. வரவில்லை. "ஏம்மா, போன்ல சார்ஜ் இல்லாம எதுக்கு வர்ற, நாளைக்கு வா" என்று விரட்டினேன். திரும்பி நடந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் முறை வந்தபோது மணி மூன்றரை. சர்வர் அப்போதுதான் நத்தையாக நகர ஆரம்பித்திருந்தது. வரிசையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் ஒருவர், "பாயம்மா, சாயந்தரத்தோட மூடிருவாங்களாம், சீக்கிரம் தட்டுங்க" என்று கத்தினார்.

"எந்த ஊரு?" என்று அஞ்சம்மாளைக் கேட்டேன்.

"நெய்க்குளம்."

எங்கள் பக்கத்தில் கீழநெய்க்குளம், மேலநெய்க்குளம் என்று இரண்டு ஊர் உண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் ஊரை வெறும் நெய்க்குளம் என்றுதான் சொல்வார்கள். கிராம அலுவலர் கொடுத்த விதைப்புச் சான்றைப் பார்த்தேன். ஊர்ப் பெயரின் முன்பாதி மீது ரப்பர் ஸ்டாம்ப் விழுந்து அப்பிக் கிடந்தது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் மேலநெய்க்குளம். நானும் மேல என்றே அழுத்தினேன். சர்வே எண் இரண்டு ஊரிலும் இருந்ததால் கம்ப்யூட்டரும் தலையாட்டிவிட்டது. மறுபடி ஒரு வார்த்தை கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். காப்பீட்டில் இழப்பை ஊர்வாரியாகத்தான் கணக்கெடுப்பார்கள். ஊர் மாறினால், வயலே மூழ்கினாலும் ஒன்றும் கிடைக்காது. கடைசி பட்டனை அழுத்திவிட்டால் பிறகு திருத்தவும் முடியாது.

அந்தக் கடைசி பட்டனுக்கு முந்தின பக்கத்தில் வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "இப்புடி எல்லாரும் தலைமேல நின்னா நான் என்ன பண்றது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று எழுந்து நின்று கத்தினேன். யாரும் நகரவில்லை. அஞ்சம்மாள் மட்டும் மெதுவாக, "தண்ணி குடிங்க பாயம்மா" என்றார். அவரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வட்டம் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு உள் அறைக்குப் போனேன். பக்தியில் போனேன் என்று நினைக்காதீர்கள். அந்த முகங்களிலிருந்து தப்பிப்பதற்காகப் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியின் அடியில் கொஞ்சம் இருந்தது. கொஞ்சத் தண்ணீரில் ஒளூச் செய்யும்போது அவசரப்பட முடியாது. அள்ளி அள்ளித்தான் ஊற்ற வேண்டும். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கால் கழுவி முடிக்கும்போது படபடப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. "என்னால் முடியவில்லை, நீ பார்த்துக்கொள்" என்றேன். அன்று சர்வரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தைக் காணோம். நேரம் கடந்துவிட்டது, மறுபடி உள்ளே நுழையவும் என்று இருந்தது. அஞ்சம்மாளுக்கு நான் தட்டியது அத்தனையும் போய்விட்டது. சகோதரிகளே, தொழப் போனதற்கு இதுதான் கூலியா என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் அவனிடம் சண்டை போட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் கத்தவில்லை. முகம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தோடு வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். அஞ்சம்மாளிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தேன். கோபத்தை அடக்க வேறு வழி தெரியாமல், தட்டுவதை எல்லாம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒளூச் செய்த மாதிரியே, ஒன்று முடிந்து அடுத்தது. பெயர். அப்பா பெயர். மாவட்டம். தாலுகா.

"நெய்க்குளம். கீழயா மேலயா, அக்கா?"

அவர் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து என் காதருகில் சொன்னார்.

"கீழதான் பாயம்மா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீங்க ஊரு என்னன்னு மட்டுந்தான் கேட்டீங்க. எங்க தெருவும் கீழத்தெரு, ஊரும் கீழநெய்க்குளம். பொறந்ததுலேருந்து கீழ, கீழன்னு கேட்டு அந்த வார்த்தையே வாயில வர மாட்டேங்குது. நாலு பேரு முன்னாடி என் வாயாலயே சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

சர்வர் ஒழுங்காக ஓடியிருந்தால் அரை மணி நேரத்துக்கு முன்பே அந்தத் தப்பான ஊரோடு கடைசி பட்டனை அழுத்தியிருப்பேன். ஒரு மாதமாக நான் கேட்ட துஆவை அவன் அப்படியே கொடுத்திருந்தால் அஞ்சம்மாள் அக்கா அழிந்திருப்பார். இரண்டாவது துஆவை மட்டும் எடுத்துக்கொண்டான். என் நாக்கைப் பிடித்தான்.

கீழநெய்க்குளம் என்று அழுத்தினேன். பணம் கட்டிய ரசீது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு துஆ ஏற்கப்படும் ஒரு நேரம் உண்டு என்று நாம் நம்புகிறோம். நான் அந்த நேரத்தில் ஒழுங்காகக் கேட்கக்கூட இல்லை, சண்டைதான் போட்டேன். அதற்கும் அவன் பதில் தந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மார்கழி மழையில் கீழநெய்க்குளத்து வயல்கள் கதிரோடு மூழ்கின. மேலநெய்க்குளம் மேட்டு நிலம், தப்பித்துக்கொண்டது. பிறகு வந்த இழப்பீட்டுப் பட்டியலில் கீழநெய்க்குளம் இருந்தது, அதில் அஞ்சம்மாள் அக்கா பெயரும் இருந்தது.

அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் கடைத்தெருவே சிரிக்கும். சர்வர் இன்றும் படுத்துக்கொள்கிறது. திருப்பூர் மகன்கள் இன்றும் போனை எடுப்பதில்லை. எனக்கும் சுள்ளென்று ஏறத்தான் செய்கிறது. ஆனால் மேசைக்குப் பின்னால் ஒரு வாளி தண்ணீர் எப்போதும் நிரம்பி இருக்கும். ஏறினால் எழுந்து போய் ஒளூச் செய்வேன். கடைசி நாளாக இருந்தாலும் சரி, வரிசை எவ்வளவு நீளமானாலும் சரி. யாராவது முணுமுணுத்தால், "தப்பாப் போட்டாப் பரவாயில்லையா?" என்பேன், அடங்கிவிடுவார்கள். நின்றுகொண்டு யாருக்கும் பதில் சொல்வதில்லை, உட்கார்ந்த பிறகுதான். படிவத்தை வரிவரியாகச் சத்தமாகப் படிப்பேன். ஊர்ப் பெயரை மட்டும் ஆளை அருகில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பேன். முன்பைவிட வேலை சீக்கிரம் முடிகிறது, அதுதான் ஆச்சரியம். கோபத்தில் தட்டியதைத் திருத்தவே முன்பு பாதி நாள் போயிருக்கிறது.

கேட்டது கிடைக்கவில்லையே என்று இறைவன் மீது வருத்தத்தோடு யாராவது இதைப் படித்தால், அந்த வருத்தத்தோடே தொழப் போங்கள். நல்ல மனநிலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன்.

போன வாரம் அஞ்சம்மாள் அக்கா வந்தார். இந்த வருடமும் அதே நிலம், அதே காப்பீடு. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் வழக்கம்போல ஊரைக் கேட்க அவரை அருகில் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கீழநெய்க்குளம், பாயம்மா. நல்லாப் பாத்துப் போடுங்க."