ஊரே காது கொடுத்த போன்

எண்பதுகளின் தொடக்கம். நான் பொன்னேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். வீடு பழவேற்காட்டில், ஏரியை ஒட்டிய குப்பத்தில். எங்கள் குப்பத்துக்கென்று அப்போது இருந்தது ஒரே ஒரு டெலிபோன். அதுவும் இறால் ஷெட்டில்.

ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட்டில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் சேதியை நடுவில் யாரும் எட்டிப் பார்க்காமல் காப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்பேன். ஒருத்தியின் பாஸ்வேர்டை யாரோ திருடிப் படாத பாடு படுத்தியிருப்பான். ஒருவனுக்குக் கணக்கு என்றால் உயிர். ஒரு பையன் மட்டும் கொஞ்சமும் யோசிக்காமல், “சம்பளம் நல்லா இருக்கு மேடம்” என்றான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் முறை வரும்போது நான் இறால் ஷெட்டைப் பற்றிச் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, சிரிக்கும்படியான கதைதான் அது.

ஷெட் என்றால் பெரிய தகரக் கொட்டகை. தரையில் குவியல் குவியலாக இறால், மேலே ஐஸ். எங்கள் குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தலை கிள்ளுவார்கள். என் அக்காவும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஷெட் முதலாளி ஒரு பாய். தங்கமான மனுஷன். ‘ஊருக்கு ஒரு அவசரம்னா யூஸ் பண்ணிக்குங்க’ என்று போனை எல்லாருக்கும் பொதுவாக விட்டிருந்தார்.

அவருடைய நல்ல மனசில்தான் வம்பே இருந்தது. மெட்ராஸிலிருந்து வரும் டிரங்க் காலில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கும். அதனால் மணி அடித்ததும் பாய் எழுந்து நின்று, “உஷ்! யாரும் பேசாதீங்க, போன் வந்துகீது” என்பார். அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மரியாதைதான், வேறொன்றும் இல்லை. ஆனால் சும்மா இருக்கும் காது என்ன செய்யும்? கேட்கும்! போதாததற்கு, பேசுகிறவர்களுக்கும் ஒரு பழக்கம். எதிர்முனையில் சொன்னதையெல்லாம் இங்கே ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள், ஷெட்டுக்கும் சேதி தெரிய வேண்டாமா? இப்படித்தான் ஒருமுறை சோடாக் கடைக்காரர், “இன்னாது, மச்சானுக்கு மூலமா?” என்று கத்தினார். சாயங்காலத்துக்குள் ஏரியின் அக்கரையிலிருந்தெல்லாம் கைவைத்தியம் வந்து சேர்ந்தது. அந்த மச்சான் அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தப் போனுக்குத்தான் என் அக்காவின் சேதி வரவேண்டியிருந்தது.

அக்காவுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. அதற்கு முன்னால், வீடு வீடாகத் தொழுநோய் சோதனை செய்கிறவர் எங்கள் குப்பத்துக்கு வந்தார். அக்கா அப்போதுதான் ஷெட்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் மணிக்கட்டுக்கு மேலே தோலில் வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது. அவர் அதன்மேல் பஞ்சால் தொட்டு, “தெரியுதாம்மா?” என்றார். அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி தொட்டார். அப்போதும் தெரியவில்லை. மெதுவான குரலில், எதற்கும் மெட்ராஸில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் அந்த வியாதியின் பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். மருந்து இருக்கிறது, குணமாகிவிடும் என்றெல்லாம் எங்கள் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. குப்பத்தில் யார் பாடப் புத்தகம் படித்தார்கள்? சந்தேகம் என்று ஒரு பேச்சு கிளம்பினாலே போதும், கல்யாணம் நின்றுவிடும். ஷெட்டில் வேலையும் போய்விடும், அவள் கைபட்ட இறாலை யார் வாங்குவார்கள்? அம்மா, அக்கா, நான், மூன்று பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நைனாவிடம் மூச்சு விடவில்லை. பாவம், அவர் வாயில் எதுவும் தங்காது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் என் சித்தி ஆயாவாக இருந்தாள். கல்யாணப் புடவை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அம்மாவும் அக்காவும் பஸ் ஏறினார்கள். அங்கே காது மடலில் லேசாகக் கீறிச் சோதனைக்குத் தோல்நீர் எடுத்து, முடிவு சொல்லச் சில நாள் ஆகும் என்றார்களாம். மறுபடி போனால் ஊர் கேள்வி கேட்கும். முடிவு தெரிந்ததும் சித்தியே ஷெட்டுக்குப் போன் போடுவதாக ஏற்பாடு.

ஷெட்டில் போன் என்றால் ஊரே கேட்குமே! அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பரிபாஷை. மாடு கன்று போட்டுவிட்டது என்று சித்தி சொன்னால் வியாதி இல்லை, இன்னும் போடவில்லை என்றால் இருக்கிறது. பெரிய மூளைக்காரி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். மெட்ராஸில் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் சித்திக்கு ஏது மாடு என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

எங்களுக்கு எல்லாரையும்விட அதிக பயம் ஒருத்தியிடம்தான். ஷெட்டில் அக்காவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் எல்லாரும் அவளை ரேடியோக்கா என்போம். காலையில் ஒரு வீட்டில் குழம்பு தீய்ந்தால் மத்தியானம் திருப்பாலைவனம் பஸ்ஸில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு ஒலிபரப்பு. அம்மாவும் அக்காவும் மெட்ராஸிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்றைக்கே, “புடவ எங்கடி?” என்று கேட்டுவிட்டாள். “ஒண்ணும் புடிக்கல” என்றாள் அக்கா. “மெட்ராசு பூரா தேடியும் ஒண்ணும் புடிக்கலையா?” என்று அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் படகேறி வந்துவிடுவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஷெட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். போனை நான்தான் எடுக்கவேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் எழுந்து போனால் எல்லார் கண்ணும் அவள் முகத்தில்தான் இருக்கும், முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

மணி அடித்தது. பாய் எடுத்தார். “உங்க சித்திம்மா” என்று என்னிடம் நீட்டிவிட்டு, வழக்கம்போல உஷ் என்றார். ஷெட் அடங்கிப்போனது. ஐஸ் உருகித் தரையில் சொட்டுவதுகூடக் கேட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சித்தி, மாடு இன்னா ஆச்சி?”

“எந்த மாடு?” என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதான் சித்தி, உங்க மாடு! கன்னு!”

“ஐயோ ஆமாண்டி, மாடு! கன்னு போட்டா நல்லதா, போடலன்னா நல்லதா? எனக்கு மறந்தே பூடுச்சே. நேராவே கேளேண்டி.”

நேராக எப்படிக் கேட்பது? இத்தனை காது விரிந்து காத்திருக்கிறது. பாய் வேறு, மாடு கஷ்டப்படுகிறது போலிருக்கிறது என்று கவலையாகப் பார்க்கிறார். நைனாவின் கூட்டாளி ஒருவர், “உங்க சித்தி எப்பம்மா மாடு வாங்கிச்சி?” என்று அக்கறையாக விசாரிக்கிறார். போனை வைத்துவிட்டால் மறுபடி டிரங்க் கால் எப்போது கிடைக்குமோ தெரியாது. கேட்டால் அக்காவின் வாழ்க்கையை ஷெட் நடுவில் கொட்டின மாதிரி ஆகிவிடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் டமார் என்று ஒரு சத்தம். ரேடியோக்கா தன் கூடையைத் தூக்கித் தகரத் தடுப்பின்மேல் வீசி எறிந்திருந்தாள்.

“ஏய்! என் கூடையில இருந்த எறாவ எவடி அள்ளினது? வந்து சொல்லுங்கடி!”

அடுத்து உட்கார்ந்திருந்தவள் அவளுக்கு உயிர்த்தோழி. அவளைத்தான் பிடித்துக்கொண்டாள். “நீதாண்டி! காலைலேருந்து உன் கண்ணு என் கூடை மேலதான் கீது!”

தோழி சும்மா இருப்பாளா? “யாரப் பாத்துடி திருடின்ற?” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஒருத்தி சமாதானம் பண்ண வந்தாள், அவளுக்கும் விழுந்தது திட்டு. அவளும் கத்த ஆரம்பித்தாள். ரேடியோக்கா ஐஸ் உடைக்கும் கட்டையால் தகரத்தைத் தட்டித் தட்டி நியாயம் கேட்டாள். கொட்டகை அதிர்ந்தது. பாய், “அம்மா, போன்மா, போன்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினார். ஷெட்டே எழுந்து சண்டையைச் சுற்றி நின்றுவிட்டது. என்னைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டேன். “மாட்ட வுடு சித்தி. அக்காவுக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லடி கண்ணு! வெறும் தேமல்தானாம். நாள் முழுக்க ஐஸ்ல கைய வெச்சிகினு இருந்தா கை மரத்துப் போவாம இன்னா பண்ணும்னு டாக்டரு சிரிக்கிறாரு. களிம்பு எழுதிக் குடுத்துகீறாரு.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பக் கேட்டேன். அதையே சொன்னாள். பிறகு, அந்த மாடு விஷயத்தை இனிமேல் எடுக்காதே, மண்டை காய்கிறது என்று என்னைத் திட்டிவிட்டு வைத்தாள்.

நான் போனை வைத்தேனோ இல்லையோ, அங்கே சண்டை நின்றுபோனது. “அட, எறா கீழதான் கொட்டிக் கீதா!” என்று ரேடியோக்கா சாவகாசமாக உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவள் கொட்டியது, அவளே பொறுக்கினாள். தோழி மட்டும் இன்னும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், பாவம், அவள் நிஜமாகவே சண்டை போட்டிருந்தாள். அதற்கப்புறம் அவர்கள் பழையபடி பேசிக்கொள்ள ரொம்ப நாள் ஆனது.

நான் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, இறாலைப் பொறுக்குகிற சாக்கில் அவள் காதில் சொன்னேன். அவள் கையில் இருந்த இறாலைக் கிள்ளினாள், அடுத்ததைக் கிள்ளினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அவளே சொன்னாள். கல்யாணத்துக்கப்புறம் தன் புருஷனிடமும் சொன்னாளாம், மாட்டுக் கதையோடு சேர்த்து. மாமா இன்றைக்கும் என்னைக் கண்டால், “மாடு சௌக்கியமா?” என்றுதான் கேட்பார்.

அன்றைக்கு வேலை முடிந்து நடக்கும்போது அக்கா ரேடியோக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

“உன் தண்ணி சொம்ப நீ தனியா வெச்சிகினப்பவே எனக்கு டவுட்டுதான். கைய வேற முந்தானையில மூடி மூடி வெக்கிற. பக்கத்துல குந்திகினு கீறவளுக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நடந்தத சொல்றவடி நானு. ஒருத்தி உள்ளுக்குள்ள பயந்துகினு கீறத எதுக்கு எடுத்து ஊர்ல வுடப் போறேன்?” கொஞ்ச தூரம் உர்ரென்று வந்தாள். பிறகு அவளால் தாங்க முடியவில்லை. “சரி, புடவ எப்போ எடுக்கறீங்க? அதையாவது சொல்லலாமில்ல?”

அந்த வாரமே அவள் பாயிடம் போய், இந்த டெலிபோனால் வேலை கெடுகிறது, சண்டை வருகிறது, அதைத் தூக்கி உள்ரூமில் வை என்று சத்தம் போட்டிருக்கிறாள். பாயும் மிரண்டுபோய், வலை மூட்டைகள் அடுக்கிய சின்ன ரூமில் கொண்டுபோய் வைத்துக் கதவும் போட்டுக் கொடுத்தார். ஊரில் சில பேர் முணுமுணுத்தார்கள், சேதியே வருவதில்லை என்று. அதிகம் முணுமுணுத்தது அவள்தான்.

ஆபீசில் இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகளில் ஒருவன் ஒருநாள் கேட்டான். “மேடம், கடைசியில நல்ல ரிசல்ட்தானே வந்துச்சு? ஷெட்டே கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஒளிக்க ஒண்ணுமே இல்லையே?”

நல்ல கேள்விதான். ஆனால் மணி அடித்தபோது அது நல்ல சேதி என்று எங்களுக்குத் தெரியாதே! ஷெட் அடங்கிப்போன அந்த நொடியில், ஒரு தப்பும் செய்யாத என் அக்கா குற்றவாளி மாதிரித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். யாரோ ஒருத்தி எங்கேயோ இந்த நிமிஷம் அப்படி ஒரு பதிலுக்குக் காத்திருப்பாள், நல்லதோ கெட்டதோ அது அவளிடம் மட்டும் போய்ச் சேரட்டும் என்றுதான், வேலையின் கடைசி நாள்வரை தினமும் காலையில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.